மேதையின் வயிற்றில் மறைந்திருந்த எமன்

1948-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி. அங்கு உள்ள யூதர் ஆஸ்பத்திரியில் ஒரு முதியவர் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். அவருக்கு வயது 69. தலை நிறைய வெள்ளை முடி. பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த முகம்.

அவர்தான் விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்!

சில ஆண்டுகளாகவே அவருக்கு மேல் வயிற்றில் வலி இருந்து வந்தது. திடீரென்று வரும். இரண்டு மூன்று நாள் வாட்டும். வாந்தியும் எடுக்கும். பிறகு தானாகவே போய்விடும். சில மாதங்கள் கழித்து மறுபடியும் வரும்.

டாக்டர்கள் சோதித்தபோது, வயிற்றுக்குள் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அது நாடியைப் போலத் துடித்துக்கொண்டு இருந்தது. அது என்ன என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

கண்ணாடிக் காகிதம்

ஆபரேஷன் செய்தவர் டாக்டர் ருடால்ப் நிசன். அவரும் ஐன்ஸ்டீனைப் போல ஜெர்மனியில் பிறந்த யூதர்தான். இட்லரின் ஆட்சி வந்ததும், 1933-ம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர்.

வயிற்றைத் திறந்த நிசன் உண்மையைக் கண்டுகொண்டார். பித்தப்பையில் கோளாறு எதுவும் இல்லை. பெருந்தமனி என்னும் பெரிய ரத்தக்குழாய் ஓர் இடத்தில் வீங்கி இருந்தது. வீக்கம், ஒரு பெரிய சாத்துக்குடிப் பழத்தின் அளவு!

இருதயத்தில் இருந்து புறப்பட்டு, முதுகெலும்பை ஒட்டி, வயிற்றுக்குள் இறங்குகிறது இந்தப் பெருந்தமனி. உடம்பில் உள்ள ரத்தக்குழாய்களில் இதுவே பெரியது. வயிற்றுப் பகுதியில் இதன் அகலம் சாதாரணமாகச் சுமார் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். வயது ஆக ஆக, சிலருக்கு இதன் சுவர் ஓர் இடத்தில் நலிந்துவிடுகிறது. ரத்தம் வந்து மோத மோத, அந்த இடம் மெல்ல மெல்ல உப்புகிறது. நைந்துபோன சைக்கிள் டியூபில் காற்று அடித்தால் ஓர் இடம் மட்டும் புடைக்கிறது அல்லவா? அது போலத்தான்.

டியூப் வெடித்தால் சைக்கிள் நிற்கும். இந்தக் குழாய் வெடித்தால் மூச்சே நின்றுவிடும்.

வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வேறு குழாய் வைத்துத் தைக்கும் ஆபரேஷன் அப்போது வரவில்லை. அது முதல் முதலாக வெற்றி பெற்றது 1951-ம் ஆண்டில். பாரிஸ் நகரில் டாக்டர் சார்லஸ் டுபோஸ்ட் அதைச் செய்தார்.

ஆகவே நிசன் வேறு ஒரு யுக்தி செய்தார். செல்லோபேன் என்னும் கண்ணாடிக் காகிதத்தை எடுத்து, வீக்கத்தின் மேல் சுற்றினார். அந்தக் காகிதம் சதையை உறுத்தும். உறுத்திய இடத்தில் வடு தடிக்கும். அந்த வடுவே வீக்கத்துக்கு ஒரு கவசம் ஆகும். இதுதான் அவருடைய எண்ணம்.

1949-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஐன்ஸ்டீன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார்.

குமாஸ்தா முதல் மேதை வரை

ஐன்ஸ்டீன் 1879-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது, தகப்பனார் அவருக்கு ஒரு திசைகாட்டும் கருவியைக் காட்டினார். யாரும் தொடாமலே அதன் முள் வடக்கு நோக்கித் திரும்பியதைக் கண்டு சிறுவன் வியந்து போனான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இயக்குகிறது என்ற எண்ணம் அவன் மனதில் பதிந்தது.

படித்து முடித்ததும் அவருக்கு எளிதில் வேலை கிடைக்கவில்லை. 1902-ம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சேர்ந்தார். புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பதியும் அலுவலகம் அது. பகலில் அங்கு வேலை. மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. 1905-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் விஞ்ஞான உலகத்தையே புரட்டிப் போட்டன. அப்போது அவருக்கு வயது 26!

சூரியனின் அருகே வரும் நட்சத்திர ஒளி வளையும் என்று பிறகு அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். 1919-ம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது இங்கிலாந்து விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. அன்று முதல் அவர் புகழ் உலகம் எங்கும் பரவியது. 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

இட்லர் பதவிக்கு வந்ததும் அவர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. 1933-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற சிறிய ஊரில் குடியேறினார். மெர்சர் தெருவில் ஓர் எளிய வீடு. காலில் சாக்ஸ் கூடப் போடமாட்டார். ஆராய்ச்சி நிலையத்துக்கு நடந்தே போவார்.

வாயில் பைப் புகைவது மட்டும் அவரோடு பிறந்தது போல இருந்தது. புகை பிடிப்பதற்கும் பெருந்தமனி வீக்கத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பிற்காலத்தில் வந்த ஆராய்ச்சிகளில் தெளிவானது.

தெரிந்தே வாழ்ந்தார்

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆனது. வீக்கம் வளர்ந்து வருவதை டாக்டர்கள் கண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அன்று முதல் நிம்மதி இல்லை. எந்த நாளிலும் அது வெடிக்கலாம்.

ஐன்ஸ்டீனுக்கும் அது தெரியும். 1950-ம் ஆண்டில் அவர் உயில் எழுதி வைத்தார். பிறகு தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். 1952-ம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் ஜனாதிபதி பதவி அவரைத் தேடி வந்தது. பணிவோடு மறுத்துவிட்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, அணுகுண்டுப் போரின் ஆபத்தை எடுத்துக் கூறும் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சம்மதித்தார்.

இரண்டே நாள். ஏப்ரல் 13-ந் தேதி வீட்டில் சுருண்டு விழுந்தார். வீக்கத்தில் கசிவு ஏற்பட்டிருந்தது.

நியூயார்க்கில் இருந்து டாக்டர் பிராங்க் கிளென் வந்து பார்த்தார். ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். இப்போது குழாய் மாற்றும் முறை வந்திருந்தது. ஆனால் அது மிகவும் புதிது. நோயாளிக்கோ வயது 76. குழாயோ கசியத் தொடங்கிவிட்டது.

ஐன்ஸ்டீன் ஆபரேஷனுக்கு இணங்கவில்லை. ஆயுளை அப்படி நீட்டிக்கொள்ள அவருக்கு விருப்பம் இல்லை.

15-ந் தேதி அவரைப் பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கலிபோர்னியாவில் இருந்து மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் விரைந்து வந்தார். வலி சற்றுக் குறைந்ததும் மேதை கேட்டது எதை? மூக்குக் கண்ணாடியை! கணக்குப் போட்ட காகிதங்களை!

18-ந் தேதி அதிகாலை 1 மணிக்கு மேல், ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அருகில் இருந்த நர்சுக்கு அந்த மொழி தெரியாது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. பெருந்தமனி வெடித்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று பிரேத பரிசோதனையில் உறுதியானது. அன்றே உடல் தகனம் செய்யப்பட்டது.

மூன்று ஆண்டு கழித்து

அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1958-ம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டாக்டர் அயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை வயிற்றுக்குள் செலுத்தி, அது திரும்பி வருவதை வைத்து உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டினார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அந்த ஸ்கேன்தான் அது.

பெருந்தமனி வீங்கி இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேன் காட்டிவிடும். கத்தி இல்லை. வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதனால் உயிர் பிழைக்குமா என்று இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்தார்கள். 65 முதல் 74 வயது வரை உள்ள ஆண்கள் சுமார் 67,800 பேர். பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள். மீதிப் பேரை அழைக்கவில்லை. சுமார் 4 ஆண்டுகள் கவனித்து, 2002-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அழைக்காத பிரிவில் இந்த வீக்கத்தால் இறந்தவர்கள் 113 பேர். அழைத்த பிரிவில் 65 பேர்தான்!

2009-ம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் 65 வயது ஆகும் ஆண்களுக்கு இந்த ஸ்கேனுக்கு அழைப்பு அனுப்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில், ஒரு காலத்தில் புகை பிடித்திருந்தாலும் போதும், 65 முதல் 75 வயது வரை உள்ள ஆண்கள் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது என்று நிபுணர் குழு 2005-ம் ஆண்டில் கூறியது. பெண்களுக்கு இந்த வீக்கம் குறைவாகவே வருகிறது.

வீக்கம் இருந்தால் உடனே ஆபரேஷன் என்பது இல்லை. 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். 5.5 சென்டிமீட்டரை எட்டினால்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. ஆனால் வெடித்த பிறகோ, 10 பேரில் சுமார் 8 பேர் பிழைப்பது இல்லை.

இந்த வீக்கம் பலருக்கு வலி கூடத் தராமல் வளர்கிறது. வீட்டில் 65 வயதைத் தாண்டிய தாத்தாவோ, தகப்பனாரோ இருந்தால், அவர் பீடி, சிகரெட் பிடித்தவராக இருந்தால், அல்லது அவருடைய உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த ஸ்கேன் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஐன்ஸ்டீனின் வயிற்றில் இருந்ததை அறிய 1948-ல் கத்தி வைத்துத் திறக்க வேண்டியிருந்தது. அதே வீக்கத்தை இன்று, சட்டையைச் சற்றே தூக்கிக்கொண்டு படுத்தால் பார்த்துவிடலாம்.