வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவீட்டைத் தொடங்கி வைத்த ஆங்கிலேயப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1802 ஆம் ஆண்டு இவர் தொடங்கிய பணியே பின்னாளில் இமயம் வரை நீண்டு, எவரெசுட்டு சிகரத்தின் உயரத்தைக் கணிக்கவும் உதவியது. பள்ளிப் பாடநூல்களில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்ற தலைப்பில் வரும் கணக்குகள் மிகப் பெரிய அளவில் செயல்படுத்தப்பட்ட நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

இளமை

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பிறந்த ஆண்டு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. 1753 முதல் 1769 வரை பல ஆண்டுகள் குறிப்பிடப்படுகின்றன. 1781 இல் படையில் சேர்ந்து வட அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். அங்கு நியூ பிரன்சுவிக்கு பகுதியில் குடியேறிகளுக்கு நிலம் அளந்து கொடுக்கும் பணியைச் செய்தார். கணிதத்தையும் புவி அளவையியலையும் பெரும்பாலும் தாமாகவே கற்றுத் தேர்ந்தார்.

1790களின் பிற்பகுதியில் இவருடைய 33 ஆவது படைப்பிரிவு இந்தியாவிற்கு வந்தது. 1799 இல் திப்பு சுல்தானுக்கு எதிரான நான்காம் மைசூர்ப் போரில் பங்கேற்றார். போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் கடற்கரைக்குக் கடற்கரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தைச் சென்னை அரசிடம் அளித்தார். புதிதாகக் கைப்பற்றிய நாட்டிற்கு நல்ல வரைபடம் வேண்டும் என்பது அரசின் நோக்கம். லாம்டனின் ஆர்வமோ புவியின் வடிவத்தைக் கண்டறிவதில் இருந்தது.

கருவிகள்

நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்டு, அவர் ஏற்காததால் கல்கத்தாவில் விலைக்குக் கிடைத்தது. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டு இலண்டனில் வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. மூன்றடி விட்டமுள்ள வட்டத்தைக் கொண்ட அதன் எடை ஏறத்தாழ அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அவர்களே அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்.

பரங்கிமலை அடிக்கோடு

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது 40,000 அடியைச் சற்றே தாண்டியது. சங்கிலியை 400 முறை நீட்டிப் பிடித்து அளக்க வேண்டியிருந்தது. கோடை வெயிலில் எஃகு நீள்வதால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்தனர்.

ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றுக்குக் கோணம் எடுத்து, சைன் விதியால் மற்ற இரு பக்கங்களையும் கண்டுவிடலாம். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகளாகும். சில நூறு மைல் சென்றதும் மீண்டும் ஓர் அடிக்கோட்டை நேரடியாக அளந்து சரிபார்ப்பார்கள். 1804 இல் பெங்களூர் அருகே அவ்வாறு அளந்தபோது, ஏழு மைலில் கணக்கிற்கும் அளவைக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு. சென்னை அட்சரேகையில் தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்களில் காட்டப்பட்ட 400 மைல் அல்ல, ஏறத்தாழ 360 மைலே என்பதும் தெரிய வந்தது.

உயரம் காணுதல்

குன்றுகளின் உயரத்தைக் காண ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் பயன்பட்டன. பாடநூல் கணக்கில் தரை தட்டையானது. உயரம் என்பது தொலைவை டேஞ்சன்டால் பெருக்குவதே. நெடுந்தொலைவில் இது பொருந்தாது. எடுத்துக்காட்டாக, பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கி.மீ. ஆகும். அத்தொலைவில் புவியின் வளைவால் தரை ஏறத்தாழ 49 மீட்டர் தாழ்ந்துவிடும். ஒரே மட்டத் தரையில் 100 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்று அவ்வளவு தொலைவில் இருந்தால், ஏற்றக்கோணம் 14 கலைக்குப் பதிலாக 7 கலையே இருக்கும். திருத்தம் செய்யாத மாணவர் குன்றில் பாதியைத் தொலைத்துவிடுவார்! காற்றில் ஒளி வளைவதால் இவ்விழப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஈடாகிறது. ஆனால் அது வேளைக்கு வேளை மாறும். எனவே இரு நிலையங்களிலிருந்தும் ஒன்றையொன்று நோக்கிக் கோணம் எடுத்து இப்பிழையைக் குறைத்தனர்.

தஞ்சாவூர் விபத்து

குமரி முனையிலிருந்து வடக்கே 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டிச் செல்லும் பெரும் வில்லே லாம்டனின் முதன்மைப் பணியாகும். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்கள் அளவை நிலையங்களாயின. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணத்தைக் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வருவதற்குள் ஆண்டுகள் கடந்துவிடும். லாம்டன் கருவியைப் பிரித்து, ஏறத்தாழ ஆறு வாரம் கூடாரத்திலேயே இருந்து, அணு அணுவாக இழுத்து வட்டத்தைப் பழைய வடிவிற்குக் கொண்டு வந்தார். அதே கருவி மேலும் பல ஆண்டுகள் பயன்பட்டது. இவருடைய வாழ்க்கையில் போர்க்கள நிகழ்ச்சிகளைவிட இந்த ஆறு வாரங்களே குறிப்பிடத்தக்கவை எனலாம். கருவியைத் தூக்கிச் சென்ற கூலியாட்கள், காட்டுக் காய்ச்சலில் இறந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அளவை அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பிற்காலம்

1817 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1818 இல் இப்பணி இந்தியத் தலைமை ஆளுநரின் நேரடிப் பொறுப்பிற்கு மாறியது. அவ்வாண்டே சியார்ச்சு எவரெசுட்டு இவருக்கு உதவியாளராக நியமிக்கப்பட்டார். லாம்டனுக்குப் பின் எவரெசுட்டு பெரும் வில்லை இமய அடிவாரம் வரை நீட்டினார். 1850களில் நூறு மைலுக்கு அப்பாலுள்ள சமவெளி நிலையங்களிலிருந்து எடுத்த ஏற்றக்கோணங்களைக் கொண்டு உலகின் உயர்ந்த சிகரத்தின் உயரம் 29,002 அடி எனக் கணிக்கப்பட்டது. இராதாநாத் சிக்தார் இக்கணக்கீட்டில் முதன்மைப் பங்காற்றினார். 1865 இல் அச்சிகரத்திற்கு எவரெசுட்டின் பெயர் சூட்டப்பட்டது.

லாம்டன் ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இங்கன்காட்டு என்ற ஊரில் 1823 சனவரி 20 அன்று இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.