கண்ணாடி இழையும் சர் சி. வி. இராமனும்

நூலின் அருமையை நம் ஆரணியில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்குழியில் கால் வைத்தவருக்கு, ஓரிழை அறுந்தால் எவ்வளவு நேரம் வீணாகும் என்பது தெரியும். அதே தெருக்களில் இன்று கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்பு வடங்களுக்குள்ளும் இழை ஓடுகிறது, கண்ணாடி இழை! ஒளி செல்லும் அதன் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரான் அளவே; பட்டுப்புழு கக்கும் இழையினும் மெல்லியது. ஒளிக்கு ஒரே வழி மட்டும் விடுவதால் இதைச் சிங்கிள்-மோட் ஃபைபர் என்கிறார்கள். இதன் நிறையிலும் குறையிலும் தமிழர் ஒருவரின் பெயர் கலந்திருக்கிறது.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தை ஆசிரியராக இருந்த விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1906இல், மாணவராக இருக்கும்போதே, அவரது ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. (ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் ஓடி ஒளியும் நண்பர்கள் கவனிக்க!) 1907இல் நிதித் துறையில் உயர் பதவி பெற்றுக் கல்கத்தா சென்றார்.

கை நிறைய ஊதியம், அரசுப் பதவி, வேறென்ன வேண்டும்? ஆனால் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவரை இழுத்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு. நடுப்பகலில் அரசுக் கணக்கு. பத்தாண்டுகள் இப்படிக் கழிந்தன. 1917இல் அப்பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். குடும்பத்தோடு வாழும் ஒருவருக்கு இது எளிய முடிவன்று.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது நடுநிலக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறம் நீரில் தெரிவதே அது என்று ராலே பிரபு கூறியிருந்தார். இராமன் ஒரு சிறு பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெளிந்தார். அதன் பின் ஏழாண்டுகள் நீர்மங்களிலும் திண்மங்களிலும் அதே தேடல். சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது என்பது 1928 பிப்ரவரி 28இல் உறுதியாயிற்று. 1930இல் நோபல் பரிசு வந்தது. உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே, பரிசில் அவர் பெயர் சேராதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பின்னர் பெங்களூரில் பணி, 1948இல் சொந்த ஆய்வுக்கூடம், 1954இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

அதே 1970இல்தான் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் தொலைத்தொடர்புக்கு ஏற்ற முதல் கண்ணாடி இழையை உருவாக்கினர். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது அன்றைய இலக்கு. இன்றைய இழையிலோ 15 கிலோமீட்டர் கடந்தபின்னும் பாதி ஒளி இருக்கிறது. அகன்ற உட்கரு கொண்ட இழையில் ஒளி பல வழிகளில் சென்று முன்னும் பின்னுமாய் வந்து சேரும், செய்தி குழம்பும். ஒரே வழியுள்ள இழையில் அந்தக் குழப்பம் இல்லை. எனவே நெடுந்தொலைவுக்கு இதற்கு நிகரில்லை.

குறைகளோ? ஊசிக்காதினும் நுண்ணிய உட்கருவில் ஒளியைச் செலுத்த லேசர் வேண்டும். பாவிழைகளை விரலால் திரித்து இணைப்பதுபோல் இதை இணைக்க முடியாது; இரு முனைகளும் ஒரு மைக்ரான் விலகினாலும் ஒளி வீணாகும். அதற்கான கருவியும் விலை மிகுந்தது. கண்ணாடியை எவ்வளவு தூய்மையாக்கினாலும் ராலே சொன்ன சிதறல் நீங்காது. நீலம் மிகுதியாகச் சிதறும். அலைநீளம் கூடக் கூடச் சிதறல் குறையும். ஆதலால்தான் கண்ணுக்குத் தெரியாத 1550 நானோமீட்டர் ஒளியைத் தேர்ந்தார்கள்.

இன்னொரு சிக்கல் இராமன் விளைவே. குறுகிய இடத்தில் வலிய ஒளி பல கிலோமீட்டர் ஓடும்போது அந்தக் கோடியில் ஒரு பங்கு வளர்ந்து பெருகுகிறது. ஓர் அலைநீளத்தின் ஆற்றலை அதனினும் நீண்ட அலைநீளம் கவர்ந்துகொள்ள, ஒரே இழையில் செல்லும் பல செய்திகளுள் ஒன்று மெலிந்து மற்றொன்று வலுக்கிறது. பொறியாளர்கள் இந்தத் திருட்டையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்! 1450 நானோமீட்டர் அளவிலான வலிய லேசர் ஒளியை இழைக்குள் செலுத்துகிறார்கள். களைத்து வரும் 1550 நானோமீட்டர் செய்தி அதன் ஆற்றலைப் பெற்று, வழியிலேயே வலுவடைகிறது. இழையே பெருக்கியாகிவிடுகிறது. நெடுந்தொலைவு வடங்களில் பயன்படும் இதற்கு இராமன் பெருக்கி என்றே பெயர்.