ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) பரதநாட்டியக் கலைஞரும், சென்னையில் உள்ள கலாசேத்திராவின் நிறுவனரும், விலங்குநலப் பணியாளரும் ஆவார். நடனக் கலைக்கு இவர் ஆற்றிய பணி பரவலாக அறியப்பட்டது. வீட்டிலும், வித்தைக்கூடாரத்திலும், ஆய்வுக்கூடத்திலும் மனிதரின் பொறுப்பில் வாழும் விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க இவர் எடுத்த முயற்சி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உருவாக இவரது தனிநபர் சட்டவரைவே தூண்டுகோலாக அமைந்தது. அச்சட்டத்தின் கீழ் 1962 இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் இவரே.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாத்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். தாயார் சேசம்மாள். நீலகண்ட சாத்திரி பிரம்மஞான சபையின் கொள்கைகளிலும் அன்னி பெசண்ட்டின் பணிகளிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் அவர் தம் குடும்பத்துடன் அடையாறில் குடியேறினார். சபையின் தலைமையகம் அங்கேயே இருந்ததால், ருக்மிணி தேவியின் இளமைப் பருவம் பல நாட்டு அறிஞர்களின் சூழலில் கழிந்தது. இவரது சகோதரர் ஸ்ரீராம் பிற்காலத்தில் அச்சபையின் உலகத் தலைவரானார்.

அடையாறில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் சிட்னி அருண்டேலை 1920 இல் ருக்மிணி தேவி மணந்தார். அப்போது இவருக்கு வயது 16. கணவர் இவரைவிட 25 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். இத்திருமணம் அக்காலச் சென்னைச் சமூகத்தில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அருண்டேல் 1934 இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1945 இல் காலமானார்.

கலைப்பணி

1928 இல் பம்பாயில் உருசிய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நிகழ்ச்சியை ருக்மிணி தேவி கண்டார். அவருடன் ஏற்பட்ட நட்பின் விளைவாகப் பாலே நடனம் பயின்றார். இந்திய நடன மரபின்பால் கவனம் செலுத்துமாறு இவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. அக்காலத்தில் சதிர் என அழைக்கப்பட்ட ஆடல், தேவதாசி மரபைச் சேர்ந்த குடும்பங்களால் பேணப்பட்டு வந்தது. ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நடனம் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் நடந்த பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் மேடையேறினார்.

1936 இல் இவர் நிறுவிய கலைக்கழகமே பின்னர் கலாசேத்திரா என்னும் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அடையாறில் இயங்கிய இந்நிறுவனம் 1962 இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. அப்போது தென்சென்னையின் கடலோரச் சிற்றூராக இருந்த திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் மரங்கள் நடப்பட்டுக் கலாசேத்திரா வளாகம் உருவானது. உ. வே. சாமிநாதையரின் ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் பாதுகாப்பதற்கான நூல்நிலையம் 1943 இல் தொடங்கப்பட்டதும் இவரது முயற்சியாலேயே.

பழைய விலங்குவதைச் சட்டம்

இந்தியாவில் விலங்குகளைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1890 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது. வீட்டு விலங்குகளையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளையும் மட்டுமே அது கருத்தில் கொண்டது. அதன் முதன்மை விதிகள் தெருவிலும், பொதுமக்கள் செல்லக்கூடிய அல்லது அவர்கள் கண்ணில் படக்கூடிய இடங்களிலும் நிகழும் கொடுமைகளையே குறிவைத்தன. சுமை இழுக்கும் மாட்டைச் சாலையில் அடிப்பவரைத் தண்டிக்க அது ஓரளவு பயன்பட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் குறுகிய கூண்டில் அடைபட்டிருக்கும் விலங்குக்கு அதனால் அதிகப் பயன் இருக்கவில்லை. வித்தைகாட்டும் விலங்குகளைப் பழக்குவதற்கோ, ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவதற்கோ பதிவு முறையும் இல்லை.

நாடாளுமன்றத்தில்

1952 இல் மாநிலங்களவை அமைக்கப்பட்டபோது குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களுள் ருக்மிணி தேவியும் ஒருவர். 1956 இல் மீண்டும் நியமிக்கப்பட்டார். கலைத்துறையின் சார்பில் அவைக்குச் சென்ற இவர், விலங்குவதைத் தடுப்பைத் தம் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டார்.

1953 இல் இவர் விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் சட்டவரைவு ஒன்றை அவையில் கொண்டுவந்தார். இந்திய நாடாளுமன்றத்தில் தனிநபர் சட்டவரைவுகள் சட்டமாவது அரிது. எனினும் அவ்வரைவு மீதான விவாதம் அரசின் கவனத்தை ஈர்த்தது. பிரதமர் ஜவகர்லால் நேரு அதன் நோக்கத்தை ஏற்றுக்கொண்டார். இப்பொருளை ஆராய்ந்து அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளிக்கப்பட்டதால் ருக்மிணி தேவி தம் வரைவைத் திரும்பப் பெற்றார். அதன்பின் அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு ஆய்வைத் தொடர்ந்து கொண்டுவரப்பட்ட அரசின் சட்டவரைவு நிறைவேறி, 1960 டிசம்பர் 26 இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை இது பிடித்தது.

1960 ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும் விலங்கு என வரையறுக்கிறது. எனவே நாய், மாடு போன்றவற்றுக்கு மட்டுமன்றிக் குரங்கு, கரடி, பாம்பு, வெளிநாட்டுக் கிளி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற வலியும் துன்பமும் அதற்கு நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று 3 ஆம் பிரிவு கூறுகிறது.

11 ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அடித்தலும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதலும் மட்டுமன்றிப் பின்வருவனவும் அவற்றுள் அடங்கும்:

* விலங்கு நியாயமான அளவு அசைவதற்கு இடம் தராத உயரம், நீளம், அகலம் கொண்ட கூண்டில் அடைத்தல்
* மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டிவைத்தல்
* உரிமையாளர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராதிருத்தல்
* பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுதல்
* கேளிக்கைக்காக விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுதல்

சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் வித்தைகாட்டும் விலங்குகளைப் பற்றியது. கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டப்படும் விலங்கைப் பழக்குபவரும் காட்சிப்படுத்துபவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த விலங்கு, எவ்வகை வித்தை என்னும் விவரங்கள் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். குறிப்பிட்ட விலங்கினத்தை வித்தைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. உரிய அதிகாரம் பெற்ற அலுவலரும் காவல்துறையினரும் விலங்குகள் பழக்கப்படும் இடத்தைப் பார்வையிடலாம். ஆனால் நிகழ்ச்சி நடக்கும்போது மேடையின் மீதோ பின்புறமோ செல்ல இப்பிரிவின்கீழ் அவர்களுக்கு உரிமை இல்லை. காவல்துறை, படைத்துறைப் பயிற்சிக்கான விலங்குகளுக்கும் விலங்குக்காட்சிச்சாலைகளில் உள்ள விலங்குகளுக்கும் இவ்வத்தியாயத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

சட்டத்தின் குறைகள்

ருக்மிணி தேவி உயிருள்ள விலங்குகள் மீதான சோதனைகளைக் கொள்கையளவில் எதிர்த்தவர். ஆனால் புதிய சட்டம் அறிவு வளர்ச்சிக்கும் நோய்த் தடுப்புக்குமான சோதனைகளை அனுமதித்தது. அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவை அமைக்க மட்டுமே வழிசெய்தது. சமய முறைப்படி விலங்கைக் கொல்வதும் குற்றமாகாது என 28 ஆம் பிரிவு கூறுகிறது.

தண்டனைகளும் கடுமையானவை அல்ல. 1982 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 11 ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் தண்டம் விதிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் குற்றம் செய்பவருக்கு 25 முதல் 100 ரூபாய் வரை தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பண மதிப்பு வெகுவாக மாறிய பின்னும் இத்தொகைகள் பல பத்தாண்டுகள் உயர்த்தப்படவில்லை. விலங்குநல அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டும் குறை இது. எனினும், மீண்டும் துன்புறுத்தக்கூடும் எனக் கருதப்படும் உரிமையாளரிடமிருந்து விலங்கைப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்துக்கு 29 ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

விலங்குநல வாரியம்

சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி இந்திய விலங்குநல வாரியம் 1962 இல் அமைக்கப்பட்டது. அதன் தலைமையை ஏற்ற ருக்மிணி தேவி 1986 இல் இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். சட்டத்தில் செய்யவேண்டிய திருத்தங்களை அரசுக்குப் பரிந்துரைப்பதும், விலங்குநலச் சங்கங்களுக்கு நிதியுதவி அளிப்பதும், மக்களிடையே விழிப்புணர்வை வளர்ப்பதும் வாரியத்தின் பணிகள். தண்டிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. எனவே சட்டத்தைக் களத்தில் நிறைவேற்றும் பொறுப்பு மாநில அரசுகளையும் காவல்துறையையும் சார்ந்தே இருந்தது.

வாரியத்தின் அலுவலகம் நெடுங்காலம் சென்னையில் இயங்கியது. 2010களின் இறுதியில் அது அரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராசும் இதே காலகட்டத்தில் தென்சென்னையில் வேரூன்றிய அமைப்பாகும்.

ருக்மிணி தேவி மரக்கறி உணவு இயக்கத்திலும் ஈடுபட்டார். 1955 முதல் உலக மரக்கறி உணவாளர் ஒன்றியத்தின் துணைத் தலைவராக இருந்தார்.

காட்டு விலங்கு வளர்ப்புக் கட்டுப்பாடுகள்

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒரு விலங்கை எவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்பதையே ஒழுங்குபடுத்தியது. எந்த விலங்கை யார் வைத்திருக்கலாம் என்ற வினாவுக்கு 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே விடையளித்தது. அதன் அட்டவணைகளில் உள்ள இந்திய இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் உரிய சான்றிதழின்றி வைத்திருப்பதும் குற்றமாயின. வீடுகளில் கூண்டில் வளர்க்கப்பட்டு வந்த பச்சைக்கிளியும் இத்தடையில் அடங்கும். 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அமைந்த மத்திய விலங்குக்காட்சிச்சாலை ஆணையத்தின் ஏற்பின்றி விலங்குக்காட்சிச்சாலை நடத்தவும் இயலாது.

ருக்மிணி தேவியின் காலத்திலேயே தென்சென்னைப் புறநகரில் காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைக்கும் முறை மாறத் தொடங்கியிருந்தது. சென்னை நகரின் நடுவே நெருக்கடியான இடத்தில் இயங்கிய விலங்குக்காட்சிச்சாலை, தாம்பரத்தை அடுத்த வண்டலூரின் காப்புக்காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது. 1985 இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிறு கூண்டுகளுக்கு மாறாக அகழிகள் சூழ்ந்த திறந்தவெளி அடைப்பிடங்கள் அமைக்கப்பட்டன.

வெளிநாட்டு விலங்குகளைப் பொறுத்தவரை நெடுங்காலம் இடைவெளி இருந்தது. வனவுயிர்ச் சட்டத்தின் அட்டவணைகள் பெரும்பாலும் இந்திய இனங்களையே பட்டியலிட்டதால், கடத்திவரப்பட்ட பிறநாட்டு ஊர்வனவும் பறவைகளும் நாட்டுக்குள் வந்துவிட்டால் அவற்றை வைத்திருப்பவர் மீது நடவடிக்கை எடுப்பது கடினமாக இருந்தது. தாம்பரத்துக்கு அண்மையில் உள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இத்தகைய உயிரினங்கள் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையில் அடங்கிய இனங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்திருப்போர் விவரம் தெரிவித்துப் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 இல் வெளியாயின.

வித்தைகாட்டும் விலங்குகளைத் தடைசெய்யும் அதிகாரமும் ருக்மிணி தேவியின் மறைவுக்குப் பின்னரே முழுமையாகப் பயன்பட்டது. 1998 இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்குவதும் காட்சிப்படுத்துவதும் மத்திய அரசின் அறிவிக்கையால் தடைசெய்யப்பட்டன. இதை எதிர்த்துச் சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 இல் தடையை உறுதி செய்தது. 2011 இல் காளையும் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதனால் எழுந்த ஏறுதழுவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 இல் விளையாட்டைத் தடைசெய்தது. 2017 இல் தமிழ்நாடு அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. அத்திருத்தம் செல்லும் என 2023 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு 1956 இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. 1957 இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 1967 இல் அதன் உறுப்பினர்மை மதிப்பும் கிடைத்தன. 1968 இல் விலங்குநலப் பணிக்காகப் பிராணி மித்ரா என்னும் சிறப்பைப் பெற்றார். 1977 இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பினார். ருக்மிணி தேவி அதை ஏற்கவில்லை. தாம் நிறுவிய கலைக்கூடத்திலும் விலங்குநல வாரியத்திலும் தொடர்ந்து பணியாற்றினார்.

1986 பெப்ரவரி 24 இல், 82 ஆம் பிறந்தநாளை நெருங்கிய வேளையில், சென்னையில் காலமானார். 1987 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 1993 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் கலாசேத்திரா நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.