வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன்



நம்ம திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி, கோரிப்பாளையம் தாண்டினால் அமெரிக்கன் கல்லூரியின் சிவப்புக் கட்டடங்கள் தெரியும். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அங்கே படித்த ஒருவர், இறுதியாண்டில் என் புராஜெக்டுக்கு வழிகாட்டப் போகிறார் என்று நான் நினைத்ததே இல்லை.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்து அந்தச் சென்னைக் கல்லூரியிலேயே செய்முறை வகுப்பு எடுத்தார். மத்தியான இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்பார்களாம். நமக்கு அப்படி ஒரு சார் கிடைத்தால் சும்மா விடுவோமா!

1923-ல் கல்கத்தாவில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். திரவத்தில் ஒளி விழுந்தால் எப்படிச் சிதறுகிறது என்பதுதான் வேலை. 1928 பிப்ரவரியில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். சூரிய ஒளியைப் பெரிய லென்ஸால் குவித்தார்கள். ஊதா நிற ஃபில்டர் வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். பார்க்கிற பக்கம், அந்த ஊதாவை முழுக்கத் தடுக்கிற மஞ்சள்-பச்சை ஃபில்டர். இரண்டையும் சேர்த்து வைத்தால் இருட்டுதான் தெரியணும். ஆனால் நடுவில் திரவத்தை வைத்துப் பார்த்தபோது மங்கலாக ஒரு ஒளி தெரிந்தது! உள்ளே அனுப்பாத நிறம் வெளியே வந்தது.

அழுக்கினால் வரும் ஒளிர்வாக இருக்குமோ? அந்தச் சந்தேகமும் வந்தது. திரவங்களைத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார் கிருஷ்ணன். சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். சிதறிய ஒளியின் போலரைசேஷனையும் பார்த்தார்கள். அது சாதாரண ஒளிர்வு இல்லை என்று தெளிவானது. பிறகு பாதரச விளக்கை வைத்து, குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் அனுப்பி, நிறமாலையில் புதுக் கோடுகளைக் கண்டார்கள். அதுதான் ராமன் விளைவு. முதல் அறிவிப்பு இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழில் வந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

இப்போ என் கதைக்கு வருகிறேன். மெல்லிய உலோகக் கம்பி மீது ரேடியோ அலை பட்டால் எப்படிச் சிதறும் என்பதுதான் எங்க சிமுலேஷன். ரிவ்யூவுக்கு இரண்டே நாள். சிதறல் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே வந்தது. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று திட்டிக்கொண்டிருந்தோம். சார் வந்தார். என்ன வந்தது என்று கேட்கவில்லை. என்ன அனுப்பினோம் என்று கேட்டார். அப்புறம் கிருஷ்ணனின் ஃபில்டர் கதையைச் சொன்னார்.

படு அலையைத் திறந்து பார்த்தோம். அதிர்வெண் சரி. திசையும் சரி. மின்புலம் மட்டும் கம்பிக்குக் குறுக்கே இருந்தது! கம்பியின் நீளவாக்கில் இருந்தால்தானே அதில் மின்னோட்டம் பாயும்? மொத்தப் புலத்திலிருந்து படு அலையின் புலத்தைக் கழித்தால் வருவதுதான் சிதறிய புலம். அனுப்பியது எது என்று தெரியாமல் வந்ததற்கு எப்படிக் கணக்குச் சொல்ல முடியும்? மின்புலத்தைத் திருப்பினோம், சிதறல் பளிச்சென்று வந்துவிட்டது. கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

கிருஷ்ணன் பிறகு டாக்கா, கல்கத்தா, அலகாபாத்தில் பணியாற்றினார். படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்து பெயர் பெற்றார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்மபூஷண். 1961-ல் மறைந்தார்.

நண்பர்களே, நம்ம லேபில் ரீடிங் தப்பாக வந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள். முதலில் உள்ளே அனுப்பியதைப் பாருங்கள். நம்ம பக்கத்து ஊர்க்காரர் காட்டிய வழி அது!