ஓவனின் ஆலையும் பங்காளிகளின் 5 வீதமும்

கிளாஸ்கோவில் இருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் நியூ லனார்க் போய்விடலாம். கிளைட் ஆற்றங்கரையில் பழைய பருத்தி ஆலைகள், 2001இல் இருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. பார்த்துவிட்டு வருகிற எங்கட பிள்ளைகள் ரொபேர்ட் ஓவன் நல்ல முதலாளி என்று சொல்லுங்கள். நல்லவர்தான். ஆனால் அந்த நல்லதைச் செய்ய அவர் யாரோடெல்லாம் மல்லுக்கட்டினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

1771இல் வேல்ஸில் நியூடவுன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 10 வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, துணிக்கடைகளில் வேலை பழகி, 20 வயதளவில் மன்செஸ்டரில் 500 பேர் வேலை செய்த ஆலைக்கு மேலாளர். பிறகு பங்காளிகளோடு சேர்ந்து நியூ லனார்க்கை 60,000 பவுணுக்கு வாங்கினார். விற்றவர் டேவிட் டேல். அவருடைய மகளையே கல்யாணமும் கட்டினார்.

1800 ஜனவரியில் பொறுப்பெடுத்தபோது அங்கே கிட்டத்தட்ட 2,000 பேர். அதில் 500 பேரளவில் ஏழை விடுதிகளில் இருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள், சிலதுகளுக்கு ஐந்தாறு வயதுதான். ஓவன் அப்படிப் பிள்ளை எடுப்பதை நிறுத்தினார். 10 வயதுக்குக் கீழே வேலை இல்லை என்றார். ஆலைக் கடையில் நல்ல சாமானைக் கொள்முதல் விலைக்குக் கிட்ட விற்கவைத்தார்.

தொழிலாளர் உடனே நம்பவில்லை. வேல்ஸ்காரன், வெளியாள், புது முதலாளி. அதோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் நாலு நிறக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். வேலை மோசம் என்றால் கறுப்பு, மிக நல்லது என்றால் வெள்ளை. எல்லாருக்கும் தெரியும்படி. (இன்றைக்குக் களஞ்சியசாலைகளில் நிமிடத்துக்கு எத்தனை பெட்டி என்று திரையில் காட்டுகிறார்களே, அதன் பாட்டன்!) அமெரிக்கப் பருத்தி வராமல் ஆலை 4 மாதம் நின்றது. வேலை இல்லாத அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார், 7,000 பவுணுக்கு மேலே. அதற்குப் பிறகுதான் சனம் அவரை நம்பியது.

பங்காளிகளுக்கோ அதுதான் பொறுக்கவில்லை. ஆலை நட்டத்தில் ஓடவில்லை, நல்ல லாபம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒவ்வொரு பவுணும் தங்கள் பையில் இருந்து போவதாகவே பார்த்தார்கள். முதல் கூட்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. 1813இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. பங்காளிகள் ஆலையின் பெறுமதியைக் குறைத்துச் சொல்லி, மலிவாக எடுத்து ஓவனை வெளியேற்றப் பார்த்தார்கள். ஓவன் சத்தமில்லாமல் புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்து 114,100 பவுணுக்கு எடுத்துவிட்டார். ஜெரமி பெந்தாமும் குவேக்கர் சபையைச் சேர்ந்த வில்லியம் அலனும் அதில் இருந்தவர்கள். முதலுக்கு 5 வீதம் போக மிச்ச லாபம் ஊருக்கும் பள்ளிக்கும் என்பது உடன்பாடு. இந்த முறை அது அவர் மனநிலையில் தொங்காமல் எழுத்தில் வந்தது.

அந்த ஏற்பாட்டில்தான் 1816இல் பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. குழந்தைகளுக்கு அடி இல்லை, பாட்டும் ஆட்டமும் உண்டு. வேலை நேரமும் 10¾ மணித்தியாலமாகக் குறைந்தது.

தன் ஆலையில் செய்ததை நாடு முழுக்கச் சட்டமாக்கப் பார்த்தார். வெளிநாட்டுப் போட்டியில் அழிந்துபோவோம், பெற்றோருக்கே பிள்ளையின் சம்பளம் தேவை என்று மற்ற ஆலைக்காரர் மறித்தார்கள். இன்றைக்கும் கேட்கிற பேச்சுத்தான். 1819இல் வந்த சட்டம் பருத்தி ஆலைக்கு மட்டும். 9 வயதுக்குக் கீழே வேலை இல்லை, 16 வரை 12 மணித்தியாலம். ஓவன் கேட்ட சம்பளப் பரிசோதகர்கள் இல்லை, அதாவது போய்ப் பார்க்க ஆள் இல்லாத சட்டம். பரிசோதகர் வர 1833 ஆனது.

கடைசியில் அலனோடும் முட்டிக்கொண்டது. ஆட்டம் பாட்டு வேண்டாம், வேதம் படிப்பிக்கவேணும் என்றார் அலன். ஓவனோ மதங்களைப் பகிரங்கமாகச் சாடியவர். அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று சமத்துவக் குடியிருப்பு தொடங்கி, இரண்டு வருடத்தில் அது கலைய, சொத்தில் பெரும்பகுதியும் போனது. 1828இல் நியூ லனார்க்கின் பங்கையும் விட்டார்.

எனக்கு அவரில் இரண்டு குறை. அந்த ஆலை நூற்ற பருத்தி அடிமைகள் பறித்தது, அவருடைய அன்பு ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. மற்றது, இத்தனை செய்தவர் தொழிலாளருக்கு முடிவெடுப்பதில் ஒரு குரல் கொடுக்கவில்லை. நல்ல அப்பா மாதிரி, எல்லாம் தானே தீர்மானித்தார். அவர் போக, காப்பாற்ற அங்கே ஆளுக்கு அதிகாரம் இல்லை.

அதை வேறு ஆட்கள் செய்தார்கள். 1844இல் ரொச்டேலில் 28 பேர் காசு சேர்த்து ஒரு கடை போட்டார்கள். ஓவனின் கருத்தில் ஊறியவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் கடை உறுப்பினர்களுடையது, ஆளுக்கு ஒரு வாக்கு. 1858இல் ஓவன் பிறந்த ஊருக்கே போய்ச் செத்தபோது அந்தக் கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே தெருமுனையில் நாங்கள் பால் வாங்குகிற கோ-ஒப்பும், ஊரில் அம்மா கூப்பனோடு வரிசையில் நின்ற சங்கக்கடையும் அந்த வழியில் வந்தவைதான்.