பேராசிரியர் கே. எஸ். கிருஷ்ணன்

'இராமன் விளைவு' என்ற பெயரைக் கேள்விப்படாத விஞ்ஞான மாணவர் இலர். அக்கண்டுபிடிப்பில் சேர் சி. வி. இராமனுடன் சேர்ந்து உழைத்த மற்றொரு தமிழரை அறிந்தவரோ நம்மிடையே சிலரே. அவர்தாம் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

1898 டிசெம்பர் 4ஆம் நாள், தமிழ்நாட்டில் மலையடிவார ஊராகிய வத்திராயிருப்பில் அவர் பிறந்தார். எமது வவுனியாக் கிராமங்களைப் போலவே வயலும் குளமும் சூழ்ந்த ஊர் அது. மதுரையிலும் சென்னையிலும் கற்றபின் கல்கத்தா சென்று, 1923இல் இராமனின் ஆராய்ச்சி மாணவரானார்.

1928 பெப்ரவரியில், கணிதமுறை ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனைப் பரிசோதனைக்கு வருமாறு இராமன் அழைத்தார். சூரிய ஒளியை நீலநிறக் கண்ணாடியூடாகத் திரவத்தினுட் செலுத்தினர். சிதறிவரும் நீல ஒளியை முற்றாகத் தடுக்கவல்ல வேறொரு நிறக் கண்ணாடியூடாக நோக்கினர். எதுவும் தெரியாதிருக்க வேண்டும். ஆயினும் மங்கலான ஒளி தெரிந்தது! ஏறக்குறைய அறுபது திரவங்களில் இதனைக் கண்டனர். அன்றாட நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

இதன் காரணம் யாது? மூலக்கூறில் மோதும் ஒளியிற் பெரும்பகுதி நிறம் மாறாமலே சிதறுகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் தன் சக்தியிற் சிறிதை மூலக்கூறுக்குக் கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ, நிறம் மாறி வெளிவருகிறது. இம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆதலால் மருந்தையும் மணிக்கல்லையும் சிதைக்காமலே இனங்காண இன்று இம்முறை பயன்படுகிறது.

முதல் அறிவிப்பு இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆனால் விளைவுக்கு இராமன் பெயரே நிலைத்தது. 1930இல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

கிருஷ்ணன் அத்துடன் ஓய்ந்தாரா? இல்லை. டாக்காப் பல்கலைக்கழகத்திற் பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்து தமக்கெனத் தனிவழி வகுத்தார். 1940இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1947இல் இந்தியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகளும் எழுதினார். 1961இல் மறைந்தார்.

இளைஞர்களே! ஊர்ப்பணியிலும் கல்வியிலும் எம் பெயர் முன்வருமா என்று எண்ணித் தயங்குவோர் நம்மிடையே உளர். பெயர் பிறருக்குச் சென்றபின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இப்பெரியாரின் வாழ்வை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.