தம் உடம்பையே பணயம் வைத்த ஹால்டேன்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டை இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அங்கேதான் உள்ளது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்தக் கற்றுத் தருகிறார்கள்.

ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரக் கூடாது என்பது அந்தப் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று. ஆசிரியர் சொல்லுகிறார். மாணவர் நம்புகிறார். சொன்னது தவறானால் போவது மாணவரின் உயிர்!

சொல்லும் முன் தம் உடம்பில் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

தந்தையின் ஆடுகள்

ஹால்டேன் 1892-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், மனிதன் மூச்சு விடுவது பற்றி ஆராய்ந்த மேதை. கடலில் மூழ்கி வேலை செய்வோர் மேலே வந்ததும் முடமாவதும் சாவதும் ஏன் என்று அவர் ஆராய்ந்தார்.

கோலி சோடாவை உடைத்ததும் குமிழி பொங்குகிறது அல்லவா? ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் நைட்ரஜன் வாயு இரத்தத்தில் அதிகம் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அதுவும் குமிழியாகிவிடும். தந்தை ஆடுகளை இரும்பு அறையில் அடைத்துச் சோதித்தார். பிறகு மனிதர்களைக் கடலில் இறக்கினார். கொஞ்சம் ஏறி, நின்று, மறுபடி ஏற வேண்டும் என்று 1908-ல் கணக்கு வெளியிட்டார். அந்தக் கணக்கையும் பின்னால் திருத்த வேண்டியிருந்தது.

1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் 13 வயது மகனையும் இறக்கினார். மூழ்கும் உடை பெரிது. கைப்பக்கமாகத் தண்ணீர் புகுந்தது. பையன் தப்பினான். பெற்ற பிள்ளையை இப்படிச் செய்யலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே!

99 பேர் பலி

1939 ஜூன் 1. தெட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே வெள்ளோட்டத்தில் மூழ்கியது. 99 பேர் மாண்டார்கள். தப்பியவர் 4 பேரே. மாண்டவர்களில் பலர் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனின் உதவியை நாடின.

ஹால்டேன் இரும்பு அறைக்குள் தாமே புகுந்தார். காற்றழுத்தத்தை ஏற்றச் சொன்னார். கெட்ட காற்றைச் சுவாசித்தார். குளிர்ந்த நீரில் கிடந்தார். ஒருவர் உடம்பு தாங்குவதை மற்றவர் உடம்பு தாங்காது. ஆகவே நண்பர்களும் உள்ளே போனார்கள். பிற்காலத்தில் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் போனார்.

உயிர் காக்கும் ஆக்சிஜனே, அழுத்தம் மிகுந்தால் வலிப்பை உண்டாக்கும். ஹால்டேனுக்கும் வலிப்பு வந்தது. அதில் அவர் முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி பிறகு அவரை விடவே இல்லை. இத்தனையும் பட்ட பிறகே, எது ஆபத்து என்று கடற்படைக்குச் சொன்னார்.

நம் நாட்டில்

1957-ல் ஹால்டேன் இந்தியாவுக்கு வந்தார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் புற்றுநோயால் இறந்தார். வயது 72.

அவர் விருப்பப்படி உடலை எரிக்கவில்லை. காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காகக் கொடுத்தார்கள்.